தெற்கு அடிவாரத்துக் கல்

செம்மொழியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒரே பதிலோடு திரும்பியவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது.

"ஏண்டி, சாயங்காலம் மழை வருமா? நெல்லு வெளியில கெடக்கு" என்று களத்திலிருந்து கண்ணாத்தாள் குரல் கொடுப்பாள். மகள் வாசலுக்கு வந்து மேற்கைப் பார்ப்பாள், கிழக்கைப் பார்ப்பாள், மூக்கால் காற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

"வாய்ப்பு நடுத்தரம். நிச்சயம் குறைவு."

"அப்படின்னா?"

"வரலாம்மா. ஆனா நான் சொன்னேன்னு நம்பி எதையும் செஞ்சிடாத."

"இதுக்கு நீ உள்ளயே இருந்திருக்கலாம்" என்று கண்ணாத்தாள் தார்ப்பாயை இழுத்து மூடுவாள்.

அது தொழில் கொடுத்த நாக்கு. ராஜஸ்தானத்துப் பாலைவன ஓரத்தில் பழைய எரிமலைக் கல்லாக நிற்கும் குன்றுகளை ஏறி இறங்கிப் பார்த்து, அடியில் தங்கமோ செம்போ இருக்க வாய்ப்புண்டா என்று பெங்களூரில் ஒரு நிறுவனத்துக்குச் சொல்வது அவள் வேலை. பூமிக்குள் போய்ப் பார்க்காமலேயே பூமியைப் பற்றிச் சொல்கிற வேலை என்பதால், பதிலை இரண்டாகத்தான் சொல்லவேண்டும். முதலில் வாய்ப்பு எவ்வளவு என்பது. அடுத்து, அப்படிச் சொல்வதில் தனக்கே எவ்வளவு நிச்சயம் என்பது. இந்த இரண்டாவது பதிலைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்று செம்மொழிக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை வெளியே சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் அம்மா ஒன்று சொல்வாள்.

இப்படி ஒரு வேலைக்கு அந்த ஊரிலிருந்து ஒருத்தி போனதே விநோதம். குடவாசலிலிருந்து கிழக்கே போகும் தார்ச்சாலை வாய்க்காலைத் தாண்டி வளையும் இடத்தில் இருக்கிறது ஊர். தோண்டினால் களிமண். இன்னும் தோண்டினால் மணல். அதற்கும் கீழே தண்ணீர். எத்தனை தலைமுறை தோண்டினாலும் மண்வெட்டி 'ணங்' என்று சொல்லாத பூமி. அங்கே கல் என்பது எப்போதும் வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிதான். அம்மியும் ஆட்டுக்கல்லும் வண்டியில் வந்தன. சாலைக்கு ஜல்லி லாரியில் வந்தது. வயலின் மூலைகளில் அரசாங்கம் நட்டுவைத்த எல்லைக்கல்கூட எந்த மலையில் பிறந்ததோ, அதற்கே மறந்திருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல்தான் செம்மொழி முதலில் பார்த்த மலை. மற்ற பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாட, இவள் உட்கார்ந்து கறுப்பை ஒரு பக்கம், சாம்பலை ஒரு பக்கம், மினுக்குகிறதை ஒரு பக்கம் என்று பிரித்துவைத்தாள். சாலைக் கண்காணி வந்து, "அரிசில கல்லு பொறுக்குவாங்க, நீ கல்லுல என்னத்தடி பொறுக்குற?" என்று விரட்டினார்.

பிறகு கல்லூரியில் சேர்க்க அப்பாவோடு திருச்சிக்குப் போனபோது, பேருந்து ஜன்னலில் மலைக்கோட்டை முழுசாகத் தெரிந்தது. அப்பா கண்ணுசாமி எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம், "ஏங்க, இம்மாம் பெரிய கல்ல எதுலங்க ஏத்திக் கொண்டாந்தாங்க?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். பக்கத்து ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி என்று செம்மொழிக்குப் பட்டது. எதில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்பதைப் படிக்கத்தான் நிலவியலில் சேர்ந்தாள்.

ஊரில் அவளுக்குத் 'தங்கம் தேடுற பொண்ணு' என்று பெயர். ஒவ்வொரு முறை வரும்போதும் டீக்கடையில் யாராவது, "என்ன, கெடச்சிச்சா?" என்பார்கள். அவள் இரண்டு பதிலைச் சொல்வதற்குள் டீ ஆறிவிடும்.

*

மார்கழிக் கடைசியில் அவள் ஊருக்கு வந்தபோது தோளில் ஒரு பையும் கையில் ஒரு சாக்கு மூட்டையும் இருந்தன. மூட்டையை வாங்கிய கண்ணுசாமி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனார்.

"என்ன ஆயி, வெதநெல்லா?"

"கல்லுப்பா."

"கல்லா? அங்கேருந்து ரயில்ல கல்லையா தூக்கியாந்த? ஊருல எல்லாரும் அல்வா வாங்கியாறாங்க."

"ஆபீசுக்குக் குடுக்கணும்பா. பெங்களூரு போய்ட்டு வந்தா பொங்கல் போயிரும், அதான் நேரா இங்க வந்துட்டேன்."

அந்த மூட்டையில் இருந்தது அவள் பெயரில் கொடுக்கப்பட்ட முதல் குன்று. இதுவரை மற்றவர்களுக்கு உதவியாகத்தான் ஏறியிருந்தாள். இது அவள் ஒருத்தியே ஏறி, கல் எடுத்து, முடிவு சொல்லவேண்டியது. பொங்கல் முடிந்ததும் அவளுடைய மேலாளர் அரவிந்தன் வீடியோவில் கூப்பிடுவார். குன்றின் உச்சியில் முன்பே வேறு யாரோ துளைபோட்டுப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது தெற்கு அடிவாரம். அங்கே துளைபோடலாம் என்று அவள் எழுதினால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அந்தக் குன்றும் வேலையும் அவளுடையவை. வேண்டாம் என்று எழுதினால் குன்றை மூடுவார்கள், மாசியோடு அவள் ஒப்பந்தமும் முடியும். இதை வீட்டில் அவள் மறைக்கவில்லை.

"அப்ப இருக்குன்னு எழுதிர வேண்டியதுதானே?" என்றாள் கண்ணாத்தாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

"கல்லு சொல்லணும்மா."

"கல்லு எப்படிடி சொல்லும்?"

செம்மொழி இலையிலிருந்த சோற்றையே காட்டினாள். "நெல்லை அவிக்கிறோம்ல, அது மாதிரி. எரிமலை அணைஞ்சப்புறமும் அடியில சூடு இருக்கும். அந்தச் சூட்டுல சுடுதண்ணி வெடிப்பு வழியா மேல ஏறி, கல்லையே அவிச்சிரும். தண்ணி ஏறின பாதையில இருந்த கல்லுல எல்லாம் கரைஞ்சுபோய் வெறும் ஓட்டை ஓட்டையா நிக்கும். கொஞ்சம் தள்ளி இருந்தது வெள்ளையா, களிமண்ணு மாதிரி ஆயிடும். இன்னும் தள்ளி இருந்தது பச்சையாயிடும். அந்தத் தண்ணிதான் தங்கத்தையும் செம்பையும் கரைச்சுக் கொண்டாரும். அதனால ஓட்டைக் கல்லு எங்க இருக்கோ, அங்க தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம்."

"புழுங்கல் கல்லுன்னு சொல்லு" என்றார் கண்ணுசாமி.

கல்லூரியில் ஐந்து வருஷம் படித்ததை அப்பா இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். செம்மொழி மோர் கேட்டாள்.

ஓட்டைக் கல் உச்சியில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெற்கு அடிவாரத்திலும் அது இருந்தால், சுடுதண்ணீரின் பாதை மணலுக்கு அடியில் தெற்கே நீண்டிருக்கிறது என்றாகும். அப்படியானால் அங்கே துளைபோடத் தகும். அவளுக்கு வேண்டியது தெற்கிலிருந்து ஓர் ஓட்டைக் கல். எடுத்திருந்தாள் என்றே நினைவு. கடைசி நாள் மத்தியானம் உச்சியிலும், சாயங்காலம் அடிவாரத்திலும் எடுத்த இரண்டு கற்களை மட்டும் அவள் உடைத்துப் பார்க்கவில்லை. உச்சிக் கல்லைப் படம் எடுத்த கையோடு புழுதிக் காற்று கிளம்பிவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அடிவாரத்திலும், பாலைவன வெயிலில் கறுத்துத் துரு மூடிய கல்லை அப்படியே படம் எடுத்து, பையில் போட்டு, பையின்மேல் எண்ணை எழுதி, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். ஆனால் அடிவாரத்தில் அந்தக் கல்லைக் கையில் எடுத்தபோது விரல் நுனி ஒரு குழியில் இறங்கியது நினைவிருந்தது. அந்தக் குழியை நினைத்துக்கொண்டே இரண்டு ரயில் மாறி ஊர் வந்து சேர்ந்தாள்.

சாப்பிட்டதும் படுத்தாள். படுத்ததுதான் தெரியும்.

*

நாளைக்குப் போகி. அந்தத் தெருவில் போகியைத் தாண்டித் துருவும் களிம்பும் எந்த வீட்டிலும் தங்கக்கூடாது. பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தூக்குவாளி, கதிர் அரிவாள், ஜன்னல் கம்பி எல்லாம் அன்றைக்கு வாசலுக்கு வந்துவிடும். அண்டா நிறையப் புளியைக் கரைத்து உப்பைக் கொட்டி ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்ப்பார்கள். கண்ணாத்தாள் அந்த ஒரு நாளில் தெருவிலேயே ஆபத்தானவள். போன வருஷம் கண்ணுசாமி கழற்றிவைத்திருந்த மோட்டார் பாகத்தை அவள் பளபளவென்று ஆக்கிவிட, அது எந்தப் பக்கம் போகவேண்டும் என்றே தெரியாமல் மெக்கானிக் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

செம்மொழி எழுந்து வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கொடியில் அவளுடைய துணிப்பைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அழியாத மையில் எழுதிய எண்கள் அப்படியே இருந்தன. கைக்குழந்தை உள்ள வீட்டுக் கொடி போல ஒரு கணம் அழகாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவள் கண் கீழே இறங்கியது.

சாக்கு விரிப்பில், கழுவிக் கவிழ்த்த குடங்களுக்கும் அரிவாள்களுக்கும் நடுவில், அவள் குன்று முழுக்கக் கிடந்தது. கறுப்புத் துருவோடு வந்த கற்கள் இப்போது வெள்ளை, ரோஜா, வெளிர் பச்சை, தயிரில் மஞ்சள் விழுந்த நிறம். மிட்டாய்க் கடை மாதிரி.

"பாத்தியாடி?" கண்ணாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். முழங்கை வரை புளி. "இம்புட்டு அழகை அழுக்குக்குள்ள வச்சிருந்திருக்க. பொங்கலும் அதுவுமா துருப்புடிச்ச கல்ல வீட்டுல வைப்பாங்களா? ஒவ்வொண்ணுக்கும் எத்தன நாரு போச்சு தெரியுமா?"

செம்மொழி உட்கார்ந்தாள். 

"அம்மா. எந்தக் கல்லு எந்தப் பையில இருந்துச்சு?"

"அத எவ பாத்தா? எல்லாத்தையும் அண்டாவுல கொட்டுனேன். கல்லு கல்லுதானே."

"ஒவ்வொரு பைக்குள்ளயும் ஒரு சீட்டு இருந்திருக்குமே?"

"ஆமா, ஊறிப்போய்க் கூழாக் கெடந்துச்சு. தென்னை மரத்தடியில ஊத்திட்டேன்."

மகள் அழவில்லை, கத்தவில்லை. ஒரு கல்லை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும்தான் கண்ணாத்தாளுக்குப் பயம் வந்தது. "ஏண்டி, எதாச்சும் பேசு. திட்டவாச்சும் செய்."

"எங்க எடுத்ததுன்னு தெரியாத கல்லு ரோட்டு ஜல்லிம்மா. அவ்வளவுதான்."

வயலிலிருந்து வந்த கண்ணுசாமி, வாசலில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று கேட்காமல் துண்டை உதறிப்போட்டு உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் மனைவியைப் பார்த்தார்.

"நான் சொல்லல? இவ ஒருநாளைக்கு என்னையும் புளி போட்டுத் தேய்ச்சிருவான்னு."

"உங்கள எத்தன தேய்ச்சாலும் வெளுக்காது, சும்மா இருங்க."

செம்மொழிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு மூச்சும் வந்தது. போனை எடுத்தாள். எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் படம் இருந்தது, எண்ணோடு. உடைத்துப் பார்த்தவற்றுக்குக் குறிப்பும் இருந்தது. ஆனால் படத்தில் எல்லாம் கறுத்த துருக்கட்டிகள். கீழே கிடந்தவையோ வேறு வம்சம்.

"நெறம் மாறும். உருவம் மாறாதுல்ல?" என்றார் கண்ணுசாமி. "காட்டு, நான் பொருத்துறேன்."

அன்று மாலையும் போகி அன்றும் மூன்று பேரும் சாக்கைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். கண்ணுசாமிக்கு எல்லாம் பார்த்தவுடன் தெரிந்தது, எல்லாம் தப்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் வைத்தார். கொழுக்கட்டை, ஆட்டுத்தலை, தலையாரி மூக்கு. தலையாரி மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்தப் படத்தோடும் சேர்க்க விடாமல் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாத்தாளுக்குக் குற்ற உணர்ச்சி ஒரு சின்ன ஓரத்தில் இருந்தது. மற்ற இடம் முழுக்க அவர் சொன்னதை மறுப்பதில் போனது.

"அது ஆட்டுத்தலையா? ஆடு பாத்திருக்கீங்களா நீங்க?"

"அப்ப மாட்டுத்தலைன்னு வச்சுக்க."

"மாட்டுக்கு ஏது இவ்ளோ தாடை?"

செம்மொழி குறிப்புகளோடு ஒத்துப்பார்த்து, உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். எதிர்பார்த்ததைவிட எளிதாகவே போயிற்று. பச்சைக் கற்கள் வெளிவட்டத்துக்குப் போயின. வெள்ளையில் பாதி கிழக்குச் சரிவுக்குப் போனது. ஒவ்வொரு பை நிறைந்ததும் அவள் தலைக்குள் அந்தக் குன்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எழுந்தது. கடைசியில் சாக்கில் இரண்டு கற்கள் மிஞ்சின. கொடியில் இரண்டு பைகள் ஆடின. எவை என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

ஒன்று ஓட்டைக் கல். புளி துருவையெல்லாம் தின்று தீர்த்ததில் ஒவ்வொரு குழியும் வெள்ளை வெளேரென்று, ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போல இருந்தது. கத்தியால் கீறினாலும் கீறல் விழாத கெட்டி. இன்னொன்று களிமண்ணாக மாறிய மெத்துக்கல். அண்டாவில் ஊறியதில் மூலைகள் கரைந்து, மழையில் நனைந்த வெல்லக்கட்டி போல உருவமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு பை உச்சி. மற்றது தெற்கு அடிவாரம்.

"மெத்துக்கல்லு கரைஞ்சுபோச்சு, அத வச்சுக் கண்டுபிடிக்க முடியாது" என்றாள் செம்மொழி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஓட்டைக் கல்லு கெட்டி. அது மாறியிருக்காது. இது தெக்கால எடுத்ததா இருந்தா எனக்கு வேலை இருக்கு."

கண்ணுசாமி போனை வாங்கினார். தெற்கு அடிவாரத்துப் படத்தில் பாதிக் கல்லை அவளுடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. மிச்சப் பாதியில் புழுதி. அவர் ஓட்டைக் கல்லைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாத்தாள் போனைப் பார்த்து ஏவினாள்.

"இன்னும் சாய்ங்க. சாய்ங்கன்னா கல்ல, நீங்க சாயாதீங்க. இடதுகைப் பக்கம். ஆங், அப்படியே."

"பொருந்துதா?"

"பொருந்துற மாதிரிதான் இருக்கு."

"மாதிரி என்ன மாதிரி? பொருந்துது!" கண்ணுசாமி கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "முடிஞ்சுது போ. இதான் தெக்கத்திக் கல்லு. பாப்பா, பையில போடு."

 விரல் ஒரு குழியில் இறங்கிய அந்த நினைவும் எழுந்து வந்து அப்பா பக்கம் நின்றது. பையை எடுத்தாள். வாயை விரித்தாள். அடுத்த படத்தை இன்னும் திறக்கவில்லை. அதைத் திறக்காமலே இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தனக்கும்கூடத் தெரியாது. அவள் செய்த தொழிலில் இதைவிடச் சுலபமான பொய் இல்லை. கட்டைவிரல் மறைத்த பாதியில் எந்தக் கல்லையும் பொருத்தலாம்.

"உச்சிப் படத்தையும் ஒரு தடவ பாத்துட்டா..." என்று இழுத்தாள்.

"அதான் பொருந்திருச்சே, அத எதுக்குப் பாக்குற?" என்றார் கண்ணுசாமி. "ஒனக்கு எது நல்லதோ அந்தப் பையில போடு. அம்மாம் பெரிய மலை, ஒரு கல்லு அங்க இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன?"

கண்ணாத்தாள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அந்தத் திருப்பலைக் கண்டதும் கண்ணுசாமிக்கு வியர்த்தது.

"யாரு, நீங்களா இத சொல்றது?" என்றாள். "மேலண்ட வயக்காரன் எல்லைக்கல்ல ஒரு சாண் நகத்தி வச்சான்னு வரப்புல உருண்டு சண்டை போட்டது யாரு? எதுத்த வீட்டு நாயா?"

"அது வேற."

"என்ன வேற? சர்வேயர் வந்து கெழக்கேருந்து சங்கிலி புடிச்சு, சரியாத்தான் இருக்குன்னாரு. மேக்கேருந்தும் புடிங்க, ரெண்டு பக்கமும் அளந்தாத்தான் அளவுன்னு அவரு வண்டி முன்னாடி படுத்தீங்களே. போன தைக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்தே ஒரு செருப்பு தேஞ்சுச்சு. ஒரு சாணுக்கு! இப்ப மலை உச்சில இருந்த கல்ல அடிவாரத்துக்கு உருட்டச் சொல்றீங்க."

"ஏ, நம்ம பட்டா நெலம்டி அது. எங்கம்மாவும் அப்பாவும் கூலிக்கு மிதிச்ச வயலு. விடச் சொல்றியா?"

"நான் விடச் சொல்லல. ஒங்களத்தான் சொல்றேன். மேலண்டக்காரன் கேட்டான்னா நம்மளப் பாத்து வாயால சிரிக்க மாட்டான்."

கண்ணுசாமி கையிலிருந்த கல்லைப் பார்த்தார். அது அவரைத் தன் எல்லா ஓட்டைகளாலும் பார்த்தது. "மேக்கேருந்தும் புடிச்சிப் பாத்துரு பாப்பா" என்றார், யாரையும் பார்க்காமல்.

செம்மொழி உச்சிப் படத்தைத் திறந்தாள். அந்தப் படத்தில் புழுதி இல்லை, விரல் இல்லை. கல்லின் ஒரு ஓரம் கிளி மூக்குபோல வளைந்திருந்தது. மூக்கின் கீழே ஒரு சில்லு தெறித்த வடு. கண்ணுசாமி கல்லை ஒரு சுற்றுச் சுற்றினார். கிளி மூக்கு வந்தது. அதன் கீழே வடு வந்தது. ஏவுவதற்குக் கண்ணாத்தாளுக்கு ஒன்றும் இல்லை.

 தெருவில் பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டு ஓடினார்கள். செம்மொழி ஓட்டைக் கல்லை உச்சிப் பையில் போட்டாள். மிச்சம் கிடந்த வெல்லக்கட்டியைத் தெற்குப் பையில் போட்டு, கழுத்தை இழுத்துக் கட்டினாள். விரல் இறங்கிய குழி இந்த மெத்துக்கல்லில்தான் இருந்திருக்கும். துருவின் ஒரு பள்ளம். இப்போது தென்னை மரத்தடியில் இருக்கும்.

"நான் தேய்க்காம இருந்திருந்தா?" என்று கண்ணாத்தாள் கேட்டாள். நாள் முழுக்கக் கேட்க நினைத்தது அதுதான் என்று குரலில் தெரிந்தது.

"இன்னிக்கு நானே ஒடச்சுப் பாத்திருப்பேன்மா. இதேதான் தெரிஞ்சிருக்கும். ஒனக்கு நார் மிச்சமாயிருக்கும்."

*

பொங்கல் கழிந்து அரவிந்தன் கூப்பிட்டார். செம்மொழி நெட்வொர்க் கிடைக்கும் ஒரே இடமான மோட்டார் கொட்டகை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பின்னால் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் திரையில் விழாத தூரத்தில், ஆனால் காதில் விழும் தூரத்தில் வரப்பில் நின்றார்கள்.

முதலில் கற்களின் கதையைச் சொன்னாள். புளி என்ற இடத்தில் அரவிந்தன் நிறுத்தச் சொன்னார். கேமராவை அணைத்துவிட்டார். சிரித்து முடித்துத்தான் மறுபடி போட்டார் என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"சரி, சொல்லுங்க. தெற்கு அடிவாரம்?"

"வாய்ப்பு குறைவு சார்."

"நிச்சயம்?"

"நடுத்தரம். அந்த ஒரு கல்லை நான் அங்கேயே உடைச்சுப் பாத்திருக்கணும், பாக்கல. ஆனா உச்சிக் கல்லு உச்சிக் கல்லுதான். அதுல சந்தேகமில்ல. தெற்கே ஓட்டைக் கல்லு கெடைக்கல. வெறும் களிமண் ஓரம்தான். துளை போடச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

அவர் சற்று நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "நீங்க வேணும்னு எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், தெரியுமா? எனக்கும் தெற்குமேல ஒரு ஆசை."

"தெரியும் சார். அதனாலதான் ரெண்டு படத்தையும் பாத்தேன்."

"அப்ப மூடிடலாம்" என்றார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "நீங்க பெங்களூரு வரவேணாம். கல்லை மட்டும் அனுப்பிருங்க. மாசி வரைக்கும் அறிக்கையை முடிங்க. வேற குன்னு வந்தா கூப்பிடுறேன். வருமான்னு இப்ப எனக்குத் தெரியல" என்றார்.

அழைப்பு முடிந்தது. வரப்பிலிருந்து கண்ணுசாமி, "என்னாச்சு?" என்று சைகையில் கேட்டார். அவள் கையை விரித்துக் காட்டினாள். அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அறுவடை மெஷின்காரனிடம் நடந்துபோய், மெஷினை நிறுத்தச் சொல்லி, ஏதோ சொல்வது தெரிந்தது. காற்றில் பாதிதான் வந்து சேர்ந்தது. "...பெங்களூருக்காரனே இருக்குங்கறான், எம்பொண்ணு இல்லைன்னுட்டா. ஒரு மலையையே மூடிட்டாய்யா..."

*

கல் மூட்டையை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்து, மகளைப் பின்னால் உட்காரவைத்து, கண்ணுசாமி குடவாசலுக்குப் போனார். பேருந்து நிலையத்துக்கு எதிரே சித்தீக் பாயின் கொரியர் கடை. போட்டோ காப்பி, ரயில் டிக்கெட், ரீசார்ஜ் எல்லாம் அங்கேதான். அவருடைய தம்பிமார் எல்லாரும் வளைகுடாவில் இருந்தார்கள். கடையில் பேரீச்சம்பழ வாசனை நிரந்தரமாக இருந்தது.

மூட்டையைத் தராசில் வைத்ததும் தராசு முனகியது.

"என்னம்மா உள்ள?"

"கல்லு பாய்."

"அல்லாவே. தங்கக் கல்லா?"

"அவிச்ச கல்லு" என்றார் கண்ணுசாமி, பெருமையாக. "புழுங்கல்."

சித்தீக் பாய் அதை ஒரு நொடி யோசித்துவிட்டு விட்டுவிட்டார். கம்ப்யூட்டரில் முகவரி அடித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மதிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. நிரப்பாம விட்டா கம்ப்யூட்டர் நகராது. என்ன போடட்டும்?"

"அதெல்லாம் பெருசாப் போடுங்க பாய்" என்றார் கண்ணுசாமி. "எம்பொண்ணு வெயில்ல ஏறி எடுத்தது. வூட்டுல ஒரு அண்டா புளி வேற போச்சு."

செம்மொழி மூட்டையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"ஒண்ணுமில்லைன்னு போடுங்க பாய்."

சித்தீக் பாயின் விரல் விசைக்கு மேலே நின்றது. "ஒண்ணுமில்லையா? நடுவுல எதும் போடணும்னா சொல்லும்மா. கொஞ்சம், பரவாயில்ல, அந்த மாதிரி."

"இல்ல பாய். சைபர்."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்மாம் எடை போட்டு பெங்களூருக்கு அனுப்புற?"

"ஒண்ணுமில்லைன்னு அவங்களும் ஒரு தடவ பாக்கணும்ல" என்றாள் செம்மொழி.

சித்தீக் பாய் சைபரை அடித்தார். கம்ப்யூட்டர் நகர்ந்தது. கண்ணுசாமி மனம் ஒப்பாமல் மேஜைமேல் கிடந்த டேப்பை எடுத்து, மூட்டையைச் சுற்றி, போதும் போதும் என்று பாய் கையைப் பிடிக்கும் வரை ஒட்டிக்கொண்டே இருந்தார்.